இன்னொரு தடவைக்காரர்

என் வீட்டுக்காரருக்கு ஆபீஸில் வைத்திருக்கும் பெயர் 'இன்னொரு தடவை'. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். இவருக்கு அதில் வருத்தமே கிடையாது. எனக்குத்தான் முதலில் சுருக்கென்றது. பிறகு யோசித்துப் பார்த்தால், பெயர் வைத்தவர்கள் பேரில் தப்பே இல்லை. வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பார். நாலு படி இறங்குவார். மறுபடி ஏறிப்போய் இழுத்துப் பார்ப்பார். ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கு மனுஷனைக் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வர வேண்டும். காஸ் அடுப்பை நான் அணைத்தால் அது அணைத்த கணக்கிலேயே சேராது. எங்கள் மகள் சைக்கிள் பழகியபோது, பிரேக் பிடிக்கிறதா என்று இவர் பார்த்துப் பார்த்தே பிரேக் கட்டை தேய்ந்துபோனது. அவள் அதை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள்.

இப்படி ஒரு குணத்துக்குச் சம்பளமும் கொடுத்து உட்கார வைக்க ஒரு கம்பெனி இருக்கிறது என்றால் நம்பவா முடிகிறது? இருக்கிறது. நானும் அங்கேதான் வேலை பார்க்கிறேன்.

பள்ளிக்கூடம் முடித்ததும் இவர் முதலில் சேர்ந்தது ஸ்விட்ச் செய்யும் பாக்டரியில். தயாரான ஸ்விட்சைப் போட்டு அணைத்துப் பார்ப்பதுதான் வேலை. அந்த வயதில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று யாராவது கேட்டால், "போட்டேன், அணைச்சேன்" என்பார். பிறகு எங்கள் கம்பெனிக்கு ஸ்டோர் பார்க்க வந்தார். வந்த பெட்டியை வாங்கி அடுக்கினால் போதும். இவரோ ஒவ்வொன்றையும் பிரித்து ஓட்டிப் பார்த்து, இது சரியில்லை, அது சரியில்லை என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். முதலாளி தலையில் அடித்துக்கொண்டு, "நீ டெஸ்ட் ரூம்லயே போய் உக்காருப்பா" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு உட்கார்ந்தவர்தான், தலை நரைத்தும் எழுந்திருக்கவில்லை.

நான் ஹெல்ப்லைன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் ஹெட்செட்டைச் சரிபார்க்க வந்தார் இவர். ஹலோ சொல்லச் சொன்னார், சொன்னேன். இன்னொரு தடவை என்றார். அன்று காலை முழுவதும் இந்த மனுஷனுக்கு நான் ஹலோ சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் பொறுக்கமாட்டாமல், "உங்களுக்கு ஹெட்செட்ல குறையா, காதுல குறையா?" என்று கேட்டுவிட்டேன். அதற்குச் சிரித்தவரைத்தான் பிறகு கல்யாணம் செய்துகொண்டேன்.

எங்கள் கம்பெனி செய்வது பேச்சுக் கம்ப்யூட்டர். வியாதியிலோ விபத்திலோ வாய்ப்பேச்சு போனவர்களுக்கானது. கட்டில் பக்கத்தில் ஒரு ஸ்டாண்டு, அதில் ஒரு திரை, திரைக்குக் கீழே கண்ணைக் கவனிக்கும் ஒரு காமிரா. எந்த எழுத்தைப் பார்க்கிறார்களோ அந்த எழுத்து விழும். எழுத்து வார்த்தையாகும், வார்த்தையை மெஷின் வாய்விட்டுச் சொல்லும். ஹெல்ப்லைனில் எங்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. மெஷின் நின்றுபோனவர் தானே போன் செய்து புகார் சொல்ல முடியாது. அவருக்காக வேறொருவர்தான் பேசுவார். அந்த வேறொருவர் எப்படிப்பட்டவரோ, அப்படித்தான் புகாரும் இருக்கும்.

போன மாதம் எல்லா மெஷின்களுக்கும் ஒரு அப்டேட் அனுப்பினார்கள். அனுப்பிய வாரமே ஆரம்பித்தது தலைவலி. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் கம்பெனி லோகோ வரும், அதன் கீழே ஒரு வட்டம் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கு மேல் ஒரு அடி நகராது. எல்லா மெஷினுக்கும் இல்லை, குறிப்பிட்ட ஒரு ஈட்டில், அதாவது ஒரே தடவையில் செய்து வந்தவற்றுக்கு மட்டும். ஆனாலும் என் போன் ஓயவில்லை. மாற்றிக் கொடுக்கலாம் என்றால், கையிருப்பு மெஷின்கள் முதல் சில நாளிலேயே காலி. அடுத்த லோடு கப்பலில் வந்துகொண்டிருந்தது.

அப்படி நின்றுபோன மெஷின்களில் ஒன்று கண்டக்டரம்மாவுடையது.

பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயரான அம்மா அவர். ஒரு வியாதியில் கையும் காலும் போய், கடைசியில் குரலும் போனது. கண் மட்டும் மிச்சம். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு மெஷினில் அவர் போட்ட போடு இருக்கிறதே! மெஷின் வாங்கிய புதிதில் ஹெல்ப்லைனுக்குப் போன் போட வைத்து, மெஷின் குரலிலேயே என்னிடம் சண்டைக்கு வந்தார். "இது யாரோ நியூஸ் வாசிக்கிற பொண்ணு குரல். எனக்குக் கத்தற குரல் வேணும்" என்றார். அப்படி ஒன்று இல்லையே அம்மா என்றேன். "அப்ப சத்தத்தையாவது ஏத்து" என்றார். அன்றிலிருந்து அவர் என்றால் எனக்கு ஒரு தனிப் பிரியம்.

அவரைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பெண்தான் இப்போது போன் செய்தாள். மெஷின் நின்றுபோனது மட்டும் அல்ல சமாசாரம். கண்டக்டரம்மா மாடியில் இருக்கிறார், கீழ் வீட்டில் அவருடைய தம்பி குடும்பம். அக்காவை, நோயாளிகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு ஹோமுக்கு மாற்ற வேண்டும் என்று தம்பி மனுக் கொடுத்திருந்தார். ஒருவரை அவர் இஷ்டம் இல்லாமல் அப்படி மாற்ற முடியாது. அதனால் ஒரு அதிகாரி வீட்டுக்கே வந்து அவரையே கேட்பார். வெள்ளிக்கிழமை மதியம் வருவதாகத் தகவல் வந்துவிட்டது.

"மெஷின் இல்லன்னா கண்ணைச் சிமிட்டித்தான் பதில் சொல்லணும் அக்கா" என்றாள் அந்தப் பெண். "ஒரு தடவை சிமிட்டினா ஆமா, ரெண்டு தடவைன்னா இல்ல. ஆனா கேள்வி கேக்கறது அம்மா இல்லயே. பக்கத்துல நிக்கறவங்க என்ன கேக்கறாங்களோ அதுக்குத்தானே சிமிட்ட முடியும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடப் பிறந்தவளுக்கு வாய் இல்லாத நேரம் பார்த்து வீட்டை விட்டுக் கிளப்பப் பார்க்கிறானே, இவனெல்லாம் ஒரு தம்பியா என்று போனை வைத்த பிறகும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்குப் போய் இவரிடம் கொட்டித் தீர்த்தேன். இவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "வெள்ளிக்கிழமையா?" என்று மட்டும் கேட்டார்.

திங்கட்கிழமை அப்டேட்டின் கோளாறைச் சரிசெய்யும் பேட்ச் வந்தது. எழுதியவர் எங்கள் புரோகிராமர், ஆபீஸில் எல்லோருக்கும் 'தாடிக்காரர்'. கெட்டிக்காரர், கோபமே வராத ஆள். ஆன் ஆகாத மெஷினுக்குப் பேட்ச்சை எப்படிக் கொடுப்பது? பென் டிரைவில்தான். பென் டிரைவை மெஷின் பக்கவாட்டில் சொருகி ஸ்விட்சைப் போட்டால், பேட்ச் தானாக உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். டெஸ்ட் ரூமில் அந்தக் குறிப்பிட்ட ஈட்டு மெஷின்கள் ஒரு மேஜை நிறைய வரிசையாக இருந்தன. எல்லாமே லோகோவோடு நின்றவை. ஒவ்வொன்றிலும் ஒரு பென் டிரைவைச் சொருகி ஸ்விட்சைப் போட்டார் இவர். எல்லாம் எழுந்துகொண்டன.

தாடிக்காரர் அப்போதே கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். இவர் விடுவாரா? அணைத்தார், போட்டார். சூடாக இருக்கும்போது போட்டார், ஆறவிட்டுப் போட்டார். வயரைப் பிடுங்கி மறுபடி சொருகிப் போட்டார். ஒவ்வொரு தடவையும் உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பென் டிரைவே பதிந்துகொள்ளும். பதியும்போது அதன் முனையில் ஒரு நீல விளக்கு மினுக்மினுக் என்று எரியும். செவ்வாய்க்கிழமை முழுவதும் அந்த மேஜையில் நீல விளக்குகள் மினுங்கிக்கொண்டே இருந்தன.

மேனேஜர் அரைமணிக்கொரு தரம் வந்து எட்டிப் பார்த்தார். இன்னும் எத்தனை வீட்டில் வாயடைத்துக் கிடக்கிறார்கள் தெரியுமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நானே சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும் வழியில், "ஏங்க, பாஸ் போட்டுத் தொலைங்களேன். அந்தம்மா காத்துக் கிடக்குது" என்று இவரைக் கடித்தேன். புதன்கிழமை மதியம் பாஸ் போட்டார். இவர் பாஸ் போட்டால் அது போட்டதுதான், அதற்கு மேல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அன்றைக்கே பென் டிரைவ்கள் கூரியரில் ஏறின.

வியாழக்கிழமை என் போன் அடித்தது. எடுத்தேன். அந்த நியூஸ் வாசிக்கிற பெண் குரல், காது கிழிகிற சத்தத்தில், "வந்துட்டேன்" என்றது.

இருந்த இடத்திலேயே துள்ளிவிட்டேன். பின்னாலேயே பார்த்துக்கொள்ளும் பெண் வந்து, இந்தப் பென் டிரைவைக் கழற்றிவிடலாமா என்று கேட்டாள். கழற்றி, கூட வந்த உறையில் போட்டுக் கூரியர்காரரிடம் கொடுத்துவிடச் சொன்னேன். மேனேஜர் ஒரு பென் டிரைவைக்கூட விட்டுக்கொடுக்கிற ஜாதி இல்லை. திருப்பி அனுப்ப உறையும் வைத்துத்தான் அனுப்பியிருந்தோம். ராத்திரி வழக்கம்போல மெஷினை அணைத்துவிட்டுத் தூங்கச் சொன்னேன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆபீஸில் நுழைந்து பையை வைக்கவில்லை, போன்.

"அக்கா, பழையபடி சுத்துது" என்றாள் அந்தப் பெண்.

அணைத்துப் போடச் சொன்னேன், வயரைப் பிடுங்கிச் சொருகச் சொன்னேன். லோகோ, வட்டம், அவ்வளவுதான். பென் டிரைவை மறுபடி சொருகிப் பார்க்கலாம் என்றால் அதுதான் நேற்றே கூரியரில் போய்விட்டதே. நான் டெஸ்ட் ரூமுக்கு ஓடினேன்.

விஷயத்தைக் கேட்டதும் இவர் முகம் மாறிவிட்டது. மேஜையில் இருந்த மெஷின்களை ஒவ்வொன்றாக அணைத்துப் போட்டார். எல்லாம் சொல்லி வைத்த மாதிரி எழுந்துகொண்டன. இன்னொரு தடவை போட்டார். எழுந்துகொண்டன. தாடிக்காரர் வந்து பார்த்துவிட்டு, பேட்ச்சில் கோளாறு இல்லை, அந்த ஒரு மெஷினில் டிஸ்க் போயிருக்கும் என்றார். மேனேஜருக்கு அது மனசுக்குப் பிடித்துப்போனது. ஒரு மெஷின்தானே, கப்பல் வந்ததும் புதிதாக ஒன்று அனுப்பிவிடலாம் என்றார். மதியம் அதிகாரி வருகிறார் என்றேன். அவர் கையை விரித்தார்.

நான் சீட்டுக்குத் திரும்பினால் இன்னொரு வீட்டிலிருந்து போன். அங்கேயும் அதே கதை. அதை வைப்பதற்குள் இன்னொன்று. மூன்று வீட்டிலும் ஒரே ராத்திரியில் டிஸ்க் போகுமா? மறுபடி ஓடிப்போய் இவரிடம் சொன்னேன். இவர் ஸ்டூலில் உட்கார்ந்து மெஷின்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே ஓடுவது அங்கே ஓடவில்லை. அப்படியென்றால் இங்கே இருக்கும் ஏதோ ஒன்று அங்கே இல்லை, இல்லை என்றால் அங்கே இருக்கும் ஏதோ ஒன்று இங்கே இல்லை என்றார். இப்படி ஆற அமரப் பேச எப்படித்தான் வாய் வருகிறதோ என்று எனக்கு எரிச்சல்.

அந்த ஊர்க் கரண்ட்டின் கோளாறாக இருக்குமா என்று பார்த்தார். ஏர்கண்டிஷனை அணைத்து, ஜன்னலைத் திறந்து, அறை வேகும்வரை காத்திருந்து போட்டார். மெஷின்கள் பொறுப்பாக எழுந்துகொண்டன. நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஆபீஸில் எல்லோரும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டது. எனக்குப் பச்சைத் தண்ணீர் இறங்கவில்லை.

மறுபடி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். ஹெட்செட்டோடு டெஸ்ட் ரூம் வாசலில் நின்றுகொண்டேன். அவள் அங்கே செய்வதை நான் இங்கே சொல்ல, இவர் அதே மாதிரி செய்தார். ஸ்விட்ச் போட்டாள், போட்டார். அங்கே வட்டம் சுற்றியது, இங்கே எழுந்துகொண்டது.

"மெஷின்ல என்னென்ன சொருகியிருக்குன்னு கேளு" என்றார்.

கேட்டேன். "பவர் வயர் மட்டும்தான் அக்கா. வேற என்ன இருக்கு?" என்றாள்.

"பவர் வயர் மட்டும்தானாம்" என்றேன் நான்.

"பவர் வயர் மட்டும்" என்று இவரும் சொன்னார். சொன்னபடியே தன் முன்னால் இருந்த மெஷினைப் பார்த்தார். பார்வை அதன் பக்கவாட்டில் போய் நின்றது. அங்கே நீல விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை சொருகியது. அதற்குப் பிறகு யாரும் அதைக் கழற்றவில்லை. பதிவு வேண்டுமே, கழற்றினால் எதில் பதிவது? டெஸ்ட் செய்கிறவர்கள் கண்ணுக்கு அந்த நீல விளக்கு, வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். மெஷினோடு ஒரு சாமான் சொருகியிருக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது. நானும் எத்தனையோ தடவை பார்த்தேன், தாடிக்காரர் பார்த்தார், மேனேஜர் பார்த்தார். இவரும் பார்த்தார்.

இவர் அதைப் பிடுங்கினார். மெஷினை அணைத்தார். கொஞ்சம் விட்டுப் போட்டார். லோகோ வந்தது. வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அடுத்ததில் பிடுங்கினார், அதுவும் நின்றது. வரிசையாகப் பிடுங்கிக்கொண்டே போனார். மேஜை முழுவதும் வட்டங்கள் சுற்றின.

தாடிக்காரருக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. எனக்கு அவர் விளக்கியது இதுதான். மெஷினைப் போட்டதும் உள்ளே இருக்கும் டிஸ்க் எழுந்து கண்ணைக் கசக்கக் கொஞ்சம் நேரம் வேண்டும். புது அப்டேட் அதற்குள்ளேயே அதைக் கூப்பிட்டுவிடுகிறது. பதில் வராததால் அப்படியே நின்றுவிடுகிறது. அதனால் அவர் பேட்ச்சில் கொஞ்சம் பொறு என்று ஒரு வரி எழுதியிருந்தார். அது உட்கார வேண்டிய இடத்தில் உட்காரவில்லை. ஆனால் பக்கத்தில் ஒரு பென் டிரைவ் இருந்தால், இது யார் என்று பார்க்க மெஷினே சற்று நிற்கும். அந்த இடைவெளியில் டிஸ்க் எழுந்துவிடும். ஆக, இத்தனை நாளாக மெஷின்களை எழுப்பியது பென் டிரைவ். பேர் வாங்கியது பேட்ச்.

இவர் முகத்தில் ஈயாடவில்லை. கையில் பிடுங்கிய பென் டிரைவ்களோடு மேனேஜர் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். இவரைத் திட்டிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு.

"நான் போட்ட பாஸ் தப்பு" என்றார். "பேட்ச் வேலை செய்யல. கழட்டாம டெஸ்ட் பண்ணிட்டேன். அனுப்பின எல்லா வீட்டுக்கும் போன் பண்ணி, ராத்திரி மெஷினை அணைக்காதீங்கன்னு இப்பவே சொல்லணும்."

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் சொல்றேன்" என்று தானே போனை எடுத்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்கிற மனுஷன் இவர். இவருக்கா இப்படி?

அழ நேரமில்லை. என் ஹெட்செட்டில் அந்தப் பெண்ணின் குரல் கிசுகிசுத்தது. "அதிகாரியம்மா வந்துட்டாங்க அக்கா. கீழ உக்காந்து தம்பிகிட்ட பேசிட்டிருக்காங்க."

"ஏம்மா, வீட்டுல பென் டிரைவ் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். "எதுவா இருந்தாலும் பரவாயில்ல."

"இரு, இரு" என்று இவர் என் தோளைத் தட்டினார். எதுவாக இருந்தாலும் சரி என்று எப்படிச் சொல்ல முடியும், எங்கள் பென் டிரைவுக்குத்தான் மெஷின் நிற்கிறதோ என்னவோ, பார்க்காமல் சொல்லக்கூடாது என்றார். தாடிக்காரர் தன் பையிலிருந்து பாட்டு நிறைந்த பென் டிரைவ் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். இவர் அதை எடுத்துக்கொண்டு டெஸ்ட் ரூமுக்கு ஓடினார். இவர் ஓடி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்குள் அந்தப் பெண் மாடியில் தேடிவிட்டு, எதுவும் இல்லை என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, தம்பியின் காரில் ஒன்று இருக்கிறது, பாட்டுக் கேட்பதற்காக வைத்திருக்கிறார் என்றாள்.

அவனிடமா? அந்த மெஷின் ஓடக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கிற ஆளிடம் போய், மெஷின் ஓட உன் பென் டிரைவைக் கொடு என்று கேட்பதா? கேட்டால் சாவியைத் தொலைத்துவிட்டேன் என்பான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேறு வழி இல்லை, போய்க் கேளு என்றேன். அவள் போனைக் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். எனக்கு மின்விசிறிச் சத்தமும், அதற்கு நடுவே மூச்சு விடும் சத்தமும் கேட்டன. கண்டக்டரம்மாவின் மூச்சு. "அம்மா, நான் ஹெல்ப்லைன். இருங்க, வந்துடும்" என்றேன். காதில் விழுந்ததோ என்னவோ.

டெஸ்ட் ரூமில் இவர் ஸ்விட்சைப் போட்டார். லோகோ வந்தது. வட்டம் சுற்றியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மெஷின் எழுந்துகொண்டது.

இவர் விரல் மறுபடி ஸ்விட்சுக்குப் போனது. பழக்கம்! விரல் அங்கேயே நின்றது. பிறகு கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "போதும். சொருகச் சொல்லு" என்றார்.

அந்தப் பக்கம் மாடிப்படியில் தடதடவென்று காலடி. பெண்ணின் காலடி இல்லை, கனமான காலடி. மூச்சு வாங்க ஒரு ஆண் குரல், "எங்க சொருகணும்? சொல்லுங்க, எங்க சொருகணும்?" என்றது. தம்பியேதான். பெண் இடத்தைக் காட்ட, சொருகும் சத்தம் கேட்டது. ஸ்விட்ச் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. பின்னாலேயே இன்னொருவர் படியேறி வரும் சத்தம். அதிகாரியம்மாவாகத்தான் இருக்க வேண்டும்.

மெஷின் எழும்போது ஒரு சின்ன மணிச் சத்தம் வரும். அது வந்தது. இவர் என்னோடு என் சீட்டுக்கு வந்து லைனை ஸ்பீக்கரில் போட்டார். தாடிக்காரரும் மேனேஜரும் பக்கத்தில் வந்து நின்றார்கள். போனை வைத்துவிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பெண், மெஷின் ஆபீஸ்காரங்க லைனில் இருக்கிறார்கள், மெஷின் நடுவில் நின்றுபோனால் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுப்பார்கள் என்று அதிகாரியிடம் சொல்வது கேட்டது. அதிகாரி, அம்மாவுக்குச் சம்மதம் என்றால் தனக்கும் சம்மதம் என்றார். மெஷின், "இருக்கட்டும்" என்றது.

அதிகாரி கேட்டார், உங்களை வேறு இடத்துக்கு மாற்றுவதற்கு மனு வந்திருக்கிறது, உங்களுக்கு இதில் இஷ்டமா என்று. கண்ணால் எழுத்து எழுத்தாகப் பார்க்க வேண்டும், பதில் வர நேரம் ஆகும். போடப் போகிறார் ஒரு போடு, தம்பியைக் கிழித்துத் தொங்கவிடப் போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

"இஷ்டம்" என்றது மெஷின்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதிகாரிக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டார். மறுபடி காத்திருந்தோம்.

"இல்ல. என் தம்பி நல்லவன். ஆனா யாரும் என்னைக் கேக்கல." கொஞ்சம் விட்டு மறுபடி வந்தது. "இங்க எல்லாரும் என்னைப் பத்திப் பேசறாங்க. என்கூட யாரும் பேசறதில்ல. நாலு பேர் பேசற இடத்துக்கு நான் போறேன்."

"அக்கா" என்றார் தம்பி.

ஒரு வாரமாக அந்த வீட்டுக்குப் போன் செய்தேனே, அந்தப் பெண் சொன்னதைக் கேட்டேனே, தம்பியைத் திட்டினேனே, அந்தம்மாவுக்கு என்ன வேண்டும் என்று ஒரு தடவை கேட்டேனா? நேற்று "வந்துட்டேன்" என்றபோதுகூடக் கேட்கவில்லை. பென் டிரைவைக் கழற்றச் சொன்னதோடு சரி. எனக்கு வெட்கமாக இருந்தது.

எப்போது மாற ஏற்பாடு செய்யட்டும் என்று அதிகாரி கேட்டார். இந்தத் தடவை பதில் வர நிறைய நேரம் ஆனது. மெஷின் நடுவில் நின்றுவிட்டதோ என்று மேனேஜர் இவரைப் பார்த்தார். இவர் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெஷின்காரங்க கேக்கறாங்கல்ல" என்றது மெஷின், அந்தப் பெரிய சத்தத்தில். "பாட்டுப் பென் டிரைவைச் சொருகிக்கிட்டு நான் புது இடத்துக்குப் போக முடியாது. அங்க போய் இது நின்னுட்டா, நானும் அவங்களுக்கு ஒரு கட்டில்தான். முதல்ல இதைச் சரியாக்கிக் குடுங்க. அதுக்கப்புறம் போறேன்."

இவர் எழுந்து ஸ்பீக்கர் பக்கம் குனிந்து, "சரிம்மா" என்றார். பிறகு தாடிக்காரரைக் கூட்டிக்கொண்டு டெஸ்ட் ரூமுக்குள் போனார்.